பர்மா பெட்டிக்குள் இருந்த கார் பாகங்கள்: எந்த நாடு, எந்த வருடம்?

தேவகோட்டைப் பேரன்:
எல்லோருக்கும் வணக்கம். எங்கள் பூர்வீக வீட்டுப் பின்கட்டைப் பிரித்து ஓடு மாற்றுகிறோம். அங்கே இரண்டு பெரிய மரப்பெட்டிகளும், சாக்கு போட்டு மூடிய ஒரு எஞ்சின் பிளாக்கும் கிடைத்தன. ஐயாவின் அண்ணன் ரங்கூனில் கொடுக்கல் வாங்கல் செய்தவர். அவர் 1906-ல் வாங்கிய பிரெஞ்சுக் காரைக் கழற்றிக் கப்பலில் அனுப்பியதாக வீட்டில் சொல்வார்கள். காரைக்குடி பழம்பொருள் கடைக்காரர் ஒருவர் வந்து பார்த்துவிட்டு, மொத்தமாக ஒரு விலை கேட்கிறார். விற்பதற்கு முன் இது என்னவென்று தெரிந்துகொள்ள ஆசை.

இருப்பவை: பெரிய பித்தளை முன்விளக்கு ஒரு ஜோடி. உள்ளே பல்பு இல்லை, வெள்ளைக் கல் போன்ற இரட்டை மூக்கு இருக்கிறது. தகட்டில் 'பிளெரியோ, பாரிஸ்' என்று எழுத்து. குதிரைலாட வடிவக் காந்தம் வைத்த மேக்னட்டோ (எஞ்சினில் தீப்பொறிக்கு மின்சாரம் தரும் கருவி), பாஷ் கம்பெனி. எஞ்சின் பிளாக்கில் 'சி' என்ற எழுத்தும் ஆறு இலக்க எண்ணும் வெட்டியிருக்கிறது. பக்கச்சுவரில் வார்ப்பிலேயே 4 7 20 என்று இருக்கிறது. ஜெனித் கார்புரேட்டர், லியோன் என்று ஊர்ப் பெயர். ஸ்பீடோமீட்டர் ஒன்று. பாம்பு வாய் ஹாரன் ஒன்று. போல்ட், நட்டு ஒரு தகர டின் நிறைய. இரும்புப் பட்டை வைத்து இறுக்கிய மரச்சட்டங்கள் சில.

1906 பிரெஞ்சுக் கார் என்பது சரியாக இருக்குமா?

சந்தேகி:
பிளெரியோ பாரிஸ், ஜெனித் லியோன். இரண்டும் பிரான்ஸ். மேக்னட்டோ பாஷ் என்றால் அந்தக் காலத்தில் பிரெஞ்சுக் கார்கள் பெரும்பாலும் அதைத்தான் போட்டன. வீட்டுப் பேச்சு சரி என்றே படுகிறது. தெ தியோன் பூத்தோன், ரெனோ போன்ற ஏதாவது ஒன்றாக இருக்கும்.

புதுப்பேட்டைக்காரன்:
அவசரப்படாதீர்கள். விளக்கு, கார்புரேட்டர், மேக்னட்டோ, ஸ்பீடோமீட்டர் இந்த நான்கையும் வைத்து காரின் நாட்டைச் சொல்லவே முடியாது. அந்தக் காலத்தில் கார் கம்பெனி இவற்றைச் செய்யவில்லை, வெளியே வாங்கிப் பூட்டியது. விளக்கைப் பல நேரம் காரோடு தரவே மாட்டார்கள். வாங்குகிறவர் தன் வசதிக்கு ஏற்ப லூகாஸோ பிளெரியோவோ தனியாக வாங்கிக்கொள்வார். ஜெனித்துக்கு லியோனில் தாய்க் கம்பெனி. லண்டன் ஜெனித் உண்டு, டெட்ராய்ட் ஜெனித்தும் உண்டு. பாஷ் 1912-லேயே பத்து லட்சமாவது மேக்னட்டோவைச் செய்துவிட்டது. உலகத்தில் ஓடிய நல்ல கார்களில் பாதிக்கு மேல் அதுதான் இருந்திருக்கும் என்று எனக்குத் தோன்றும்.

நாட்டைச் சொல்லக்கூடியவை பிளாக், சட்டம், மரை (போல்ட்டில் வெட்டிய திருகுச் சுற்று), மர வேலை. அவற்றில் இருந்து தொடங்குங்கள்.

அப்புறம் முக்கியமாக ஒன்று. எதையும் புளி போட்டுத் தேய்க்காதீர்கள். வீட்டுப் பெண்களிடமும் சொல்லி வையுங்கள். நூறு வருடம் நின்ற எழுத்தை ஒரு மணி நேரத்தில் புளியும் சாம்பலும் தின்றுவிடும். மண்ணெண்ணெயில் ஊற வைத்து, பழைய பல் துலக்கும் பிரஷ்ஷால் மெதுவாக எண்ணெய்ப் பிசுக்கை மட்டும் எடுங்கள். எழுத்து மங்கலாக இருந்தால் மேலே மெல்லிய தாளை வைத்துப் பென்சிலைப் படுக்க வைத்துத் தேயுங்கள். அல்லது இருட்டில் டார்ச்சைப் பக்கவாட்டில் அடித்துப் போட்டோ எடுங்கள். நேராக வெளிச்சம் போட்டால் ஒன்றும் தெரியாது.

ஸ்கார்பரோவில் ஒருவன்:
தம்பி, வணக்கம். நான் யாழ்ப்பாணம், இப்ப கனடாவில் இருக்கிறேன். உங்கட பிளாக்கைப் பார்த்ததும் எழுதாமல் இருக்க முடியவில்லை. எண்ணுக்கு முன்னால் சி என்ற எழுத்து, வார்ப்பில் மூன்று எண்கள் கொண்ட தேதி. அது ஃபோர்ட் மாடல் டி. கனடா ஃபோர்ட்.

ஃபோர்ட் கனடா 1904-ல் ஒன்ராறியோவில் உள்ள வாக்கர்வில்லில் தொடங்கியது. டெட்ராய்ட் ஆற்றுக்கு இந்தப் பக்கம். பிரிட்டனை விட்டுவிட்டு மற்றைய பிரிட்டிஷ் சாம்ராச்சிய நாடுகளுக்கு ஃபோர்ட் விற்கும் உரிமை அவர்களிடம்தான் இருந்தது. இந்தியா, பர்மா, இலங்கை, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, தென்னாபிரிக்கா எல்லாம் அதற்குள் வரும். 1913 வாக்கில் இருந்து கனடாவில் செய்த எஞ்சின்களுக்கு சி என்று தனி வரிசை போட்டார்கள். ஆகையால் இணையத்தில் கிடைக்கும் அமெரிக்க ஃபோர்ட் எண் பட்டியலை எடுத்து உங்கட எண்ணோடு ஒப்பிடாதீர்கள். அது வேறு வரிசை, பிழையான வருடம் வரும்.

எண் எங்கே வெட்டியிருக்கிறது என்று பாருங்கோ. இடப்பக்கத்தில் தண்ணீர் உள்ளே போகிற வாய்க்கு மேலே ஒரு சின்ன மேடையில் இருந்தால் சரி.

தேவகோட்டைப் பேரன்:
ஆமாம் ஐயா, நீங்கள் சொன்ன இடத்திலேயே இருக்கிறது. அப்படியானால் 4 7 20 என்பது 1920 ஜூலை 4-ஆம் தேதியா?

ஸ்கார்பரோவில் ஒருவன்:
இல்லைத் தம்பி. ஃபோர்டில் மாதம்தான் முதலில் வரும். 1920 ஏப்ரல் 7. நீங்களே சரிபார்க்கலாம். 1920 ஜூலை 4 ஞாயிற்றுக்கிழமை. அன்றைக்கு வார்ப்பாலையில் இரும்பு ஊற்றியிருப்பார்கள் என்று நம்பக் கஷ்டம். ஏப்ரல் 7 புதன்கிழமை.

இது வார்த்த தேதி. அதைக் கடைந்து, பூட்டி, எண் வெட்டக் கொஞ்ச நாள் ஆகும். அதுக்குப் பிறகு கப்பல். ரங்கூனிலோ மதராஸிலோ இறங்கும்போது 1920 கடைசி என்று வைத்தாலும் பிழை இல்லை.

சந்தேகி:
சரி, பிளாக் ஃபோர்ட் என்றே இருக்கட்டும். ஆனால் மேக்னட்டோ? மாடல் டி-க்குத் தனி மேக்னட்டோ கிடையாது. ஃபிளைவீலில் காந்தங்களை வைத்துச் சுற்றவிட்டு, அதிலிருந்தே மின்சாரம் எடுத்து, மரப்பெட்டிக்குள் இருக்கும் நான்கு காயில்களுக்குக் கொடுத்தார்கள். அப்படியானால் பாஷ் மேக்னட்டோ வேறு காருடையது. அந்த வேறு கார் ஏன் 1906 பிரெஞ்சுக் காராக இருக்கக் கூடாது?

புதுப்பேட்டைக்காரன்:
இது நல்ல கேள்வி. மாடல் டி-யில் அந்த 16 காந்தங்களும் வலுவிழந்துபோன பின் வெளியே ஒரு மேக்னட்டோ வாங்கி மாட்டியவர்களும் இருந்தார்கள், அதற்கென்றே பிராக்கெட் விற்றது. அது ஒரு பக்கம் இருக்கட்டும். தேவகோட்டையாரே, மேக்னட்டோவின் மேல் ஒரு வட்டத்துக்குள் ஏதாவது உருவம் இருக்கிறதா? மாதிரிப் பெயர் எதுவும் வெட்டியிருக்கிறதா?

தேவகோட்டைப் பேரன்:
இசட்.ஆர்.4 என்று இருக்கிறது. வட்டத்துக்குள் ஆங்கில எச் எழுத்தைச் சாய்த்துவைத்தது போல ஒரு வடிவம். இப்போதும் பாஷ் பொருட்களில் வருமே, அதே மாதிரி.

புதுப்பேட்டைக்காரன்:
அப்படியானால் 1906 முடிந்தது. அந்த வடிவம் மேக்னட்டோவின் ஆர்மேச்சரை (உள்ளே சுழலும் பாகம்) நறுக்கிப் பார்த்தால் தெரிவது. வரைந்தவர் கோட்லோப் ஹோனோல்ட், 1902-ல் ஹை டென்ஷன் (உயர் மின்னழுத்த) மேக்னட்டோவை உருவாக்கிய அதே பொறியாளர். அந்தச் சின்னம் வந்தது 1918-ல். அதற்கு முந்தைய பாஷில் இது இருக்காது.

'அமெரிக்கன் பாஷ்' என்று எழுதியிருக்கிறதா என்றும் பாருங்கள். மாசசூசெட்ஸ் ஸ்பிரிங்ஃபீல்டில் பாஷுக்கு ஆலை இருந்தது. முதல் உலகப் போரில் எதிரி நாட்டுச் சொத்து என்று அமெரிக்க அரசு எடுத்துக்கொண்டு விற்றுவிட்டது. அதன்பின் அது தனிக் கம்பெனி, ஜெர்மனி ஸ்டுட்கார்ட்டில் இருந்த தாய்க் கம்பெனிக்கும் அதற்கும் ஒட்டும் இல்லை உறவும் இல்லை. போரால் இங்கிலாந்துக்கு ஜெர்மன் மேக்னட்டோ வருவது நின்றதும், பி.டி.எச்., எம்.எல்., தாம்ஸன்-பென்னெட் என்று உள்ளூர்க் கம்பெனிகள் முளைத்தன. தாம்ஸன்-பென்னெட்டை 1914-ல் லூகாஸ் வாங்கியது. லூகாஸ் மேக்னட்டோவின் கதை அங்கேதான் தொடங்குகிறது. எனவே 1910 கார் என்று ஒருவர் லூகாஸ் மேக்னட்டோவோடு விற்க வந்தால், அது பின்னால் மாற்றியது.

இன்னொன்று. மேக்னட்டோ என்றாலே கார் என்று நினைக்க வேண்டாம். மோட்டார் படகு, அரைவை மில் எஞ்சின், தண்ணீர் இறைக்கும் எஞ்சின் எல்லாவற்றிலும் இதே மேக்னட்டோதான். நாலு சிலிண்டர் என்பது மட்டும் உங்கள் இசட்.ஆர்.4-ல் உறுதி.

தேவகோட்டைப் பேரன்:
அமெரிக்கன் என்று எங்கும் இல்லை. ஸ்டுட்கார்ட் என்று தெரிகிறது. ரங்கூனில் அவர்களுக்கு அரிசி ஆலையும் இருந்தது, அதையும் மனதில் வைத்துக்கொள்கிறேன்.

கோயமுத்தூர் லேத்து:
எல்லாரும் எழுத்தையே படிக்கிறீங்க. அந்த டின்னில் இருக்கிற போல்ட்டை யாரும் கேட்கலையே. எழுத்து பொய் சொல்லும், தகட்டைக் கழற்றி வேறு இடத்தில் ஒட்டலாம். மரை பொய் சொல்லாது.

ஒரு பிட்ச் கேஜும் (மரைகளோட இடைவெளி அளக்கிறது) வெர்னியரும் (குறுக்களவு அளக்கிறது) பக்கத்துப் பட்டறையில் வாங்கி அளந்து சொல்லுங்க. 3/8 அங்குல போல்ட்டை எடுத்துக்கிட்டா, அங்குலத்துக்கு 16 மரை இருந்தா பிரிட்டிஷ் விட்வொர்த், அல்லது அமெரிக்கத் தடி மரை. 20 இருந்தா பிரிட்டிஷ் ஃபைன், அதாவது பி.எஸ்.எஃப். 24 இருந்தா அமெரிக்க ஃபைன். பி.எஸ்.எஃப். 1908-ல் வந்த கணக்கு, அதனால் 20 மரை பார்த்தா அதுக்கு முந்தினது இல்லைன்னு பெரும்பாலும் சொல்லிடலாம். அமெரிக்க ஃபைன் 1906-ல் அங்கேயிருந்த கார் உற்பத்தியாளர் சங்கம் வகுத்தது. அப்புறம் எஸ்.ஏ.இ.ங்கிற அமெரிக்கக் கார் பொறியாளர் சங்கம் அதை எடுத்துக்கிட்டது.

16-ல் குழப்பம் வந்தா கோணத்தைப் பாருங்க. விட்வொர்த் 55 டிகிரி, மரையின் உச்சியும் அடியும் உருண்டிருக்கும். அமெரிக்கம் 60 டிகிரி, உச்சி தட்டை. அரை அங்குலத்தில் குழப்பமே இல்லை: விட்வொர்த் 12, அமெரிக்கம் 13.

மின்சார பாகங்களில் இருக்கிற குட்டித் திருகு பி.ஏ. மரையா (பிரிட்டிஷ் அசோசியேஷன் கணக்கு) இருந்தா இங்கிலாந்து. மேக்னட்டோவில் மெட்ரிக் இருந்தா ஜெர்மன்காரன் செய்ததா இருக்கலாம்.

தேவகோட்டைப் பேரன்:
தம்பி ஒருவன் பாலிடெக்னிக்கில் படிக்கிறான், அவனை வைத்து அளந்தோம். டின்னில் இரண்டு வகை இருக்கிறது. ஒரு வகை 3/8-க்கு 24 மரை, 5/16-க்கும் 24. இன்னொரு வகை எங்களைக் குழப்புகிறது. குறுக்களவு 8 மில்லிமீட்டர். ஆனால் கடையில் வாங்கிய 8 மி.மீ. நட்டு இரண்டு சுற்று ஏறி இறுகிவிடுகிறது. தலைக்கு மெட்ரிக் ஸ்பானர் எதுவும் பொருந்தவில்லை. வீட்டில் இருந்த பழைய இங்கிலீஷ் விட்வொர்த் ஸ்பானர் கச்சிதமாகப் பிடிக்கிறது. சந்தேகி ஐயா சொன்ன பிரெஞ்சு இதுதானோ?

சந்தேகி:
மெட்ரிக் மரை என்றால் பிரான்ஸ்தானே!

கோயமுத்தூர் லேத்து:
அருமை. இதுக்காகத்தான் கேட்டேன். பிட்ச்சை (ரெண்டு மரைக்கு நடுவில் இருக்கிற இடைவெளி) அளந்து பாருங்க, 1.0 மி.மீ. வரும். இப்போ கடையில் கிடைக்கிறது 1.25, அதனால்தான் இறுகுது.

சந்தேகியாரே, பாதி சரி. மரை பிரெஞ்சு. ஆனா வண்டி பிரெஞ்சு இல்லை. பிரெஞ்சுக்காரன் மெட்ரிக் மரை வெட்டி விட்வொர்த் தலை ஏன் வைக்கிறான்? ரெண்டும் ஒரே போல்ட்டில் வர்ற இடம் இங்கிலாந்தோட மோரிஸ் கார்.

கதை இதுதான். ஹாட்ச்கிஸ் பிரான்ஸில் இருந்த ஆயுதக் கம்பெனி. முதல் உலகப் போரின்போது இங்கிலாந்தில் காவன்ட்ரியில் ஒரு ஆலை போட்டாங்க. போர் முடிஞ்சதும் மெஷினுக்கு வேலை இல்லை. அதே நேரம் வில்லியம் மோரிஸுக்கு எஞ்சின் இல்லை. போர் நடக்கும்போது 1915-ல் ஆரம்பிச்ச கௌலி காருக்கு அமெரிக்க கான்டினென்டல் எஞ்சினை இறக்குமதி செய்து போட்டுக்கிட்டு இருந்தார், அது நின்னுபோச்சு. அதனால் ஹாட்ச்கிஸ்ஸைப் பிடிச்சு 1919-ல் இருந்து அதே போல எஞ்சின் செய்ய வைச்சார். அவங்ககிட்ட இருந்த மெஷின், டை, டேப் எல்லாம் பிரெஞ்சு மெட்ரிக். அதையே வெட்டினாங்க. ஆனா இங்கிலாந்து மெக்கானிக்கிட்ட இருக்கிறது விட்வொர்த் ஸ்பானர். தலையை அதுக்கு ஏத்த மாதிரி வைச்சாங்க. 1923-ல் மோரிஸ் அந்த ஆலையையே வாங்கிட்டார், பழக்கம் மட்டும் போகலை. பல வருஷம் கழிச்சு வந்த எம்.ஜி. டி வகைக் கார் எஞ்சின்களிலும் இதே கூத்துதான். அதை ரிப்பேர் பண்றவங்ககிட்ட கேட்டுப் பாருங்க, பெருமூச்சு விடுவாங்க.

ஆக உங்க டின்னில் 24 மரை வகை ஃபோர்டு, 8 மி.மீ. வகை மோரிஸ், 1919-க்கு அப்புறம்.

வழிப்போக்கன்:
சம்பந்தம் இல்லாதவன் படிக்கிறேன். ஒரு போல்ட்டை வைத்து இவ்வளவு சொல்ல முடியுமா! தொடருங்கள்.

ஸ்கார்பரோவில் ஒருவன்:
தம்பி, அந்த மரச்சட்டங்களில் இருக்கும் திருகாணிகளைப் பார்த்தீர்களா? தலையில் நேர்க்கோடா, இல்லை சதுரக் குழியா?

தேவகோட்டைப் பேரன்:
சிலவற்றில் நேர்க்கோடு. சிலவற்றில் குட்டிச் சதுரக் குழி. ஆணி அடித்து உடைந்த அடையாளம் என்று நினைத்தேன். ஆனால் எல்லாமே ஒரே அளவில் இருக்கின்றன.

ஸ்கார்பரோவில் ஒருவன்:
அது ராபர்ட்ஸன் திருகாணி. இங்கே கனடாவில் எந்தக் கடைக்குப் போனாலும் இப்பவும் அதுதான் முதலில் கிடைக்கும். பி.எல். ராபர்ட்ஸன் என்பவர் 1908-ல் உருவாக்கி ஒன்ராறியோ மில்டனில் ஆலை போட்டார். கனடா ஃபோர்ட் பொடி (காரின் மேற்கூடு) வேலையில் அதை நிறையப் பயன்படுத்தினார்கள். அமெரிக்காவில் செய்த மாடல் டி-யில் அது இல்லை. உங்கட மரச்சட்டம் ஃபோர்ட் பொடியின் எலும்புக்கூடு. பிளாக்கும் மரமும் ஒரே வண்டியாக இருக்க நல்ல வாய்ப்பு.

கதவுச் சட்டம் இருந்தால் அதையும் பாருங்கோ. 1912-க்குப் பிறகு வந்த அமெரிக்க டூரிங் காரில் (நிரந்தரக் கூரை இல்லாத கார்) முன் இடப்பக்கக் கதவு வெறும் அச்சுத்தான், திறக்காது. கனடாக் காரில் முன்னால் இரண்டு பக்கமும் திறக்கும், ஏனென்றால் இடக்கை வண்டி, வலக்கை வண்டி இரண்டும் அவர்கள் செய்ய வேண்டியிருந்தது. ஹப் மூடி (சக்கர நடுவில் வரும் மூடி) கிடைத்தால் ஃபோர்ட் எழுத்துக்குக் கீழே 'மேட் இன் கனடா' இருக்கிறதா பாருங்கோ.

ஒன்றுக்குக் கவனம். நம்மட ஊர்களில் சேசிஸை (எஞ்சினும் சக்கரமும் பூட்டிய அடிச்சட்டம்) மட்டும் இறக்கி, பொடியை உள்ளூரில் கட்டியதும் நிறைய. மதராஸில் சிம்ஸன் போன்ற வண்டிக் கம்பெனிகள் குதிரை வண்டி கட்டிய கையாலேயே கார் பொடி கட்டியவை. அப்படிக் கட்டியதில் தேக்கும் நேர்க்கோட்டுத் திருகாணியும் இருக்கும்.

புதுப்பேட்டைக்காரன்:
சிம்ஸன் என்றதும் ஒரு இடைச்செருகல். 1903-லேயே அவர்கள் மவுண்ட் ரோட்டில் நீராவிக் கார் ஒன்றைச் செய்து ஓட்டியிருக்கிறார்கள். ஆனால் 'சிம்ஸன், மதராஸ்' அல்லது 'அடிஸன், மதராஸ்' என்ற பித்தளைத் தகட்டைக் கண்டதும் இந்தியாவில் செய்த கார் என்று எழுதுகிறவர்கள் இருக்கிறார்கள். அந்தத் தகடு, விற்றவர் யார் அல்லது பொடி கட்டியவர் யார் என்பதை மட்டும் சொல்லும். சேசிஸ் எங்கிருந்து வந்தது என்று சொல்லாது.

தேவகோட்டையாரே, ஸ்பீடோமீட்டரின் முதுகைத் திருப்பிப் பார்த்தீர்களா?

தேவகோட்டைப் பேரன்:
முகத்தில் ஸ்டூவர்ட்-வார்னர். முதுகில் பேட்டன்ட் (காப்புரிமை) தேதிகள் வரிசையாக இருக்கின்றன. பென்சில் தேய்ப்பில் பல தெளிவாக வந்தன. கடைசித் தேதி மட்டும் அக்டோபர் 1 ஆ 7 ஆ என்று தெரியவில்லை. வருடம் 1913.

புதுப்பேட்டைக்காரன்:
7. நேரில் பார்க்காமலே சொல்கிறேன். அமெரிக்கப் பேட்டன்ட் செவ்வாய்க்கிழமை மட்டும்தான் வழங்குவார்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் இருந்து அதே வழக்கம். 1913 அக்டோபர் 7 செவ்வாய், அக்டோபர் 1 புதன். மங்கிய தேதியைப் படிக்க இதைவிட நல்ல கருவி இல்லை. இன்னொரு உதாரணம்: கார் என்ற கருத்துக்கே உரிமை கொண்டாடிய செல்டன் பேட்டன்ட் 1895 நவம்பர் 5, அதுவும் செவ்வாய்தான். 'செல்டன் பேட்டன்ட் அனுமதியுடன்' என்ற பித்தளைத் தகடு அமெரிக்கக் காரில் இருந்தால் 1903-க்கும் 1911-க்கும் நடுவில் என்று வைத்துக்கொள்ளலாம். 1911 ஜனவரியில் ஃபோர்ட் அந்த வழக்கை வென்ற பின் தகட்டுக்கு வேலை இல்லாமல் போனது.

உங்கள் ஸ்பீடோமீட்டருக்கு இரண்டு சாட்சி. ஸ்டூவர்ட் அண்ட் கிளார்க் என்ற கம்பெனி வார்னரை வாங்கி ஸ்டூவர்ட்-வார்னர் ஆனது 1912-ல். கடைசிப் பேட்டன்ட் 1913 அக்டோபர். ஆக அதற்கு முன் செய்திருக்க முடியாது. எவ்வளவு பின் என்பதை இது சொல்லாது. அமெரிக்கப் பேட்டன்டுக்கு அப்போது ஆயுள் 17 வருடம், அதே தகட்டை அதுவரை அடித்துக்கொண்டே இருப்பார்கள். பட்டியலில் முதல் தேதியைப் பிடித்துக்கொண்டு '1904 ஸ்பீடோமீட்டர்' என்று விற்கிறவர்களை நான் தினமும் பார்க்கிறேன்.

தேதி இல்லாமல் எண் மட்டும் இருந்தால்: அமெரிக்கப் பேட்டன்ட் பத்து லட்சத்தைத் தொட்டது 1911 ஆகஸ்ட் 8. அதுவும் ஒரு வண்டி டயருக்கே கிடைத்தது, வேடிக்கை.

பித்தளைப்பித்தன்:
இத்தனை நேரம் விளக்கைப் பற்றி யாராவது பேசுவீர்கள் என்று காத்திருந்தேன், முடியவில்லை.

அந்த வெள்ளைக் கல் மூக்கு அசிட்டிலீன் பர்னர். கார்பைடு கல்லில் தண்ணீர் சொட்டினால் வரும் வாயுவை ரப்பர் குழாய் வழியாகக் கொண்டுவந்து, இரண்டு ஓட்டையில் இருந்தும் ஒன்றையொன்று முட்டவிட்டு எரிப்பார்கள். மாம்பழம் பழுக்க வைக்கத் திருட்டுத்தனமாகப் போடுகிறார்களே, அதே கல். கார்பைடு போடும் பித்தளை டப்பா தனியாக ஃபுட்போர்டில் இருக்கும். அது உங்கள் பெட்டியில் இருந்தால் விட்டுவிடாதீர்கள், விளக்கைவிட அது அரிது.

பிளெரியோ என்றால் ஆகாய விமானத்தில் ஆங்கிலக் கால்வாயைத் தாண்டிய அதே லூயி பிளெரியோதான். 1909-ல் தாண்டினார். விமானத்தில் கொட்டிய பணம் முழுதும் கார் விளக்கு விற்றுச் சம்பாதித்தது. விளக்கில் 'ப்ரெவ்தே எஸ்.ஜி.டி.ஜி.' என்று இருக்கும். அரசாங்க உத்தரவாதம் இல்லாத பேட்டன்ட் என்று பிரெஞ்சுச் சட்டப்படி போடும் வாசகம். அது 1844 சட்டத்தில் இருந்து 1968 வரை நடப்பில் இருந்தது, அதனால் நாட்டைச் சொல்லும், வயதைச் சொல்லாது. ஜெர்மன் விளக்கில் வரும் டி.ஆர்.பி. என்ற பேட்டன்ட் குறியும் அப்படித்தான், 1877-ல் இருந்து 1945 வரை எங்கு வேண்டுமானாலும் விழலாம். இங்கிலாந்து விளக்குதான் நமக்கு நண்பன். அங்கே 1915 வரை பேட்டன்ட் எண் வருடா வருடம் ஒன்றில் இருந்து தொடங்கும், அதனால் எண்ணோடு வருடத்தையும் சேர்த்து எழுதுவார்கள். 1916-ல் ஒரு லட்சத்து ஒன்றில் இருந்து தொடர்ச்சியாகப் போட ஆரம்பித்தார்கள். பதிவு செய்த வடிவ எண் என்று ஒன்றும் இருக்கும்: 1900-ல் சுமார் மூன்றரை லட்சம், 1910-ல் சுமார் ஐந்தரை லட்சம்.

உங்கள் ஜோடி 1914-க்கு முன் என்பது என் கணிப்பு. மின்விளக்கு பரவிய பின் இப்படிப் பெரிய அசிட்டிலீன் விளக்கைப் புதிதாக யாரும் வாங்கவில்லை. மாடல் டி-யிலேயே 1915-ல் மின்விளக்கு வந்துவிட்டது. அதனால் 1920 பிளாக்குக்கும் இந்த விளக்குக்கும் சம்பந்தம் இல்லை. பின்பக்கத்தில் ஓட்டை போட்டு பல்பு வைக்க யாராவது முயன்றிருக்கிறார்களா பாருங்கள். கண்ணாடி எதிரொளிப்பான் உடையாமல் இருந்தால் பெரிய அதிர்ஷ்டம்.

சந்தேகி:
ஆக விளக்கு பிரெஞ்சு, 1914-க்கு முன். அதை என்னிடம் இருந்து யாரும் பறிக்க முடியாது. 1906-ல் ஒரு பிரெஞ்சுக் கார் அந்த வீட்டில் இருந்தது என்பதற்கு இந்த விளக்கு ஆதாரமா இல்லையா?

பித்தளைப்பித்தன்:
ஒரு பழைய கார் இருந்தது என்பதற்கு ஆதாரம், ஒப்புக்கொள்கிறேன். அது பிரெஞ்சுக் கார் என்பதற்கு இல்லை. இங்கிலாந்து வுல்ஸ்லி கார் வைத்திருந்தவரும் பிளெரியோ வாங்கினார்.

தேவகோட்டைப் பேரன்:
கார்பைடு டப்பா இல்லை. ஆனால் கண்ணாடி முழுசாக இருக்கிறது, ஓட்டை போடவில்லை. ஹாரனைப் பற்றி யாரும் சொல்லவில்லையே? கடைக்காரர் அதைத்தான் முதலில் கையில் எடுத்தார். பாம்புத் தலை, திறந்த வாய், நீளமான வளையும் உடம்பு.

பித்தளைப்பித்தன்:
தலையைக் குழாயோடு சேர்க்கும் இடத்தில் திருகாணி இருக்கும். தலையில் என்ன வெட்டு?

தேவகோட்டைப் பேரன்:
கூட்டல் குறி.

பித்தளைப்பித்தன்:
ஃபிலிப்ஸ் திருகாணி 1936-ல்தான் கார் உலகத்துக்குள் வந்தது, முதலில் போட்டது கேடிலாக். பாம்பு ஹாரன் முடிந்துபோய் அதற்குள் பல காலம் ஆகிவிட்டது. உங்களுடையது முராதாபாத் பித்தளை. அங்கே இன்றைக்கும் செய்து உலகம் முழுக்க ஏற்றுமதி செய்கிறார்கள், வேலைப்பாடு மோசமில்லை, ஆனால் பழசு இல்லை. திருகாணியை மட்டும் பின்னால் மாற்றியிருக்கலாமே என்று கேட்பீர்கள். குழாயின் உட்புறத்தை டார்ச் அடித்துப் பாருங்கள். பழைய ஹாரனின் உள்ளே கறுத்துப் பச்சை படிந்திருக்கும். புதியதில் வெளியே அமிலம் பூசிக் கறுக்க வைத்திருப்பார்கள், உள்ளே பளபளவென்று இருக்கும். நாக்கை ஆட்டிப் பாருங்கள், மெல்லிய தகட்டை வெட்டி ஒட்டியது தெரியும்.

தேவகோட்டைப் பேரன்:
உள்ளே பளிச்சென்றுதான் இருக்கிறது. எண்பதுகளில் சித்தப்பா டில்லியில் வேலை பார்த்தார், அவர் வாங்கி வந்திருக்கலாம் என்று அம்மா இப்போது சொல்கிறார்.

கோயமுத்தூர் லேத்து:
இன்னும் ரெண்டு வார்த்தை முலாம் பத்தி. மோரிஸ் பாகம் எதுவும் பளபளன்னு இருந்தா நிறத்தைப் பாருங்க. லேசா மஞ்சள் கலந்த வெள்ளை நிக்கல், நீலம் கலந்தது குரோம். கார்களில் குரோம் பரவலானது இருபதுகளின் கடைசியில்தான். 1920-ன்னு சொல்ற பாகத்தில் குரோம் இருந்தா பின்னால் போட்டது. துத்தநாக வார்ப்பு பாகம் இருந்தா வெடிப்பு விட்டு உப்பி நிற்குதா பாருங்க, அந்தக் காலத்து வார்ப்பில் கலப்படம் அதிகம், தானாகவே நொறுங்கும். அதைச் சுத்தம் பண்ண முயற்சியே வேண்டாம்.

பேரிங் கழற்ற முடிஞ்சா வெளி வளையத்தில் எழுத்து இருக்கும். ஹாஃப்மன்னா செம்ஸ்ஃபோர்ட், இங்கிலாந்து. எஸ்.கே.எஃப். ஸ்வீடன், 1907-க்கு அப்புறம். டி.டபிள்யூ.எஃப். பெர்லின். ஆனா பேரிங் தேயும், மாத்துவாங்க. கடைசி சாட்சியா வைச்சுக்குங்க.

தேவகோட்டைப் பேரன்:
எல்லோருக்கும் மிகவும் நன்றி. ஒவ்வொரு பொருளிலும் ஒரு அட்டை கட்டி எழுதி வைக்கப் போகிறேன். இப்படி எழுதலாமா? 'கனடா ஃபோர்ட் கார், 1920.' 'மோரிஸ் கார் போல்ட், 1919-க்குப் பின்.' 'பாஷ் மேக்னட்டோ, 1918-க்குப் பின், கார் அல்லது ஆலை எஞ்சின்.' 'பிளெரியோ விளக்கு, 1914-க்கு முன்.' 'ஸ்பீடோமீட்டர், 1913.' கடைக்காரரிடம் மொத்தமாகத் தர மாட்டேன் என்று சொல்லிவிட்டேன்.

புதுப்பேட்டைக்காரன்:
இரண்டு திருத்தம். 'ஸ்பீடோமீட்டர், 1913 அக்டோபருக்குப் பின்' என்று எழுதுங்கள். முதல் அட்டையில் 'கார்' என்பதை எடுத்துவிட்டு 'எஞ்சின் பிளாக்' என்று போடுங்கள். மாடல் டி-க்கு எஞ்சின் எண்தான் வண்டி எண், ஆனால் எஞ்சினை மாற்றுவது அன்றைக்குச் சாதாரணம். 1917 வண்டியில் 1920 பிளாக் உட்கார்ந்திருக்கலாம். மரச்சட்டத்துக்குத் தனி அட்டை கட்டுங்கள், சதுரத் திருகாணி என்று குறித்து.

ஸ்கார்பரோவில் ஒருவன்:
ஓம், அது சரி. தம்பி, அந்த சதுரத் திருகாணியைக் கழற்ற வேண்டி வந்தால் சொல்லுங்கோ, ஸ்க்ரூட்ரைவர் இங்கேயிருந்து யாரிடமாவது கொடுத்து அனுப்புகிறேன். நேர்க்கோட்டு ஸ்க்ரூட்ரைவரை விட்டுத் திருகிக் குழியைக் கெடுத்துப் போடாதேங்கோ.

சந்தேகி:
விளக்கை மட்டும் விற்பதாக இருந்தால் முதலில் எனக்குச் சொல்லுங்கள்.

பித்தளைப்பித்தன்:
வரிசையில் நான் முன்னால் நிற்கிறேன். ஹாரனை அவருக்குக் கொடுங்கள்.